காயில்தான் நம்ம வேலை

அந்த மையத்தில் எல்லோரும் அவரைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச் எப்போதும் தொங்கும். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு உடைந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குப் போக முடியாதபோது ஆறு வாரம் வந்து தங்கும் இடம் அது. சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து படியேறுவதுவரை எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டும். யாருக்கு எதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதுவது கடிகாரத்தின் வேலை.

பத்தொன்பது வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த அன்றைக்கே 'ஆயா' ஆகிவிட்டார். அதே நாளில் அதே வேலைக்கு, அதே பெட்பேனைத் தூக்க, ஓர் ஆணும் சேர்ந்தார். அவருக்கும் பத்தொன்பதுதான். அவரை 'அட்டெண்டர்' என்றார்கள். கடிகாரத்துக்குக் கோபமெல்லாம் வரவில்லை. இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த மாதிரி தெரியவில்லை. வாய் தானாகப் போய் அந்த வார்த்தையில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவர் காது இந்த மாதிரி விஷயங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடம் வார்டில் இருந்துவிட்டு, ஒரு வருடப் பயிற்சி முடித்து இந்த மையத்துக்கு வந்தார். இங்கே ஆண்களுக்கெல்லாம் தொழில்தான் பெயர். கண்டக்டர் சார், பேங்க் சார், டிராயிங் மாஸ்டர். பெண்களுக்கு உறவுதான் பெயர். அம்மா. கொஞ்சம் கூடுதலாக நரைத்திருந்தால் பாட்டி. இதை டீ நேரத்தில் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். இந்த விஷயத்தில் தன் காது கூர்மை என்று உள்ளூர ஒரு நினைப்பும் அவருக்கு உண்டு. நாலாம் படுக்கை அம்மா வந்து அந்த நினைப்பைக் கொஞ்சம் தட்டி வைத்தார்.

நாலாம் படுக்கை அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. பக்கவாதத்தில் வலது கை தளர்ந்திருந்தது. கால் பரவாயில்லை. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி பேச்சு குழறியது. சேர்க்கைச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டிருந்தது. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகன், எட்டு மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் வேலை. அம்மாவைத் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று அவர் இடமும் பார்த்து வைத்திருந்தார். கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை.

அந்த அம்மா தெளிவாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நான் என் வீட்டுக்குப் போகணும்."

போகலாமா கூடாதா என்பதை ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேடம் முடிவு செய்வார். மேடம் என்றால் தலைமைப் பயிற்சியாளர். அவர் கையெழுத்துப் போட்டால் வீடு, போடாவிட்டால் முதியோர் இல்லம்.

முடிவுக்கு அடிப்படை கைப்பயிற்சி மதிப்பெண். அதற்கு இரண்டு அறைகள் இருந்தன. ஒன்று அடுக்களை. அடுப்பு, பாத்திரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் நிஜமாகவே இருக்கும். இன்னொன்று பணிமேசை. திருகாணி, போல்ட், சுவிட்சுப் பலகை, பூட்டு. யாருக்கு எது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றுதான் காகிதத்தில் இருந்தது. பழக்கத்தில் பெண்கள் அடுக்களைக்கும் ஆண்கள் மேசைக்கும் போனார்கள்.

முதல் நாள் கடிகாரம் கேட்கத்தான் கேட்டார். "அம்மா, கையால என்ன வேலை செஞ்சு பழக்கம்? அதுலேருந்தே ஆரம்பிச்சிடலாம்."

அந்த அம்மா வாயைக் கூட்டி, மெதுவாகச் சொன்னார். "காயில்தான்... நம்ம வேலை."

"காய்லயா? ரொம்ப நல்லதாப் போச்சு." கடிகாரம் நாலு கேரட்டையும் ஒரு பிடி பீன்ஸையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். அந்த அம்மா கேரட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டார். 'காய் நறுக்குவதில் விருப்பம் உள்ளவர்' என்று படிவத்தில் ஏறியது.

விருப்பம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்து வாரமாகியும் கேரட் ஒரு துண்டு விரல் நீளம், ஒரு துண்டு பட்டன் அளவு என்றுதான் வந்தது. டீ போட எட்டு நிமிடம் என்பது தேர்ச்சிக் கணக்கு. அவருக்குப் பதினாலு. இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ஒரு தடவை எரிவாயுவைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். கடிகாரம் பாய்ந்து மூடினார். மதிப்பெண் நூற்றுக்கு முப்பத்து நாலு. ஐம்பது வேண்டும்.

கடிகாரத்தைக் குடைந்தது வேறொன்று. பீன்ஸ் கட்டு ஒரு நூலில் கட்டி வரும். அந்த அம்மா அதை அவிழ்த்து, கரண்டிக் காம்பில் சுற்ற ஆரம்பித்துவிடுவார். சுற்றுக்குப் பக்கத்தில் சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் மயிரிழை இடைவெளி விடாமல். உதடு அசையும். எண்ணுகிறார் என்று தெரியும். ஒரு நாள் கடிகாரம் சும்மா ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிப் பார்த்தார். ஒரு நிமிடத்தில் முப்பத்தெட்டுச் சுற்று. அதே வலது கை. கேரட்டைப் பிடித்தால் ஆடுகிற கை.

படிவத்தின் கடைசியில் 'நோக்கமற்ற செயல்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. கடிகாரம் அதில் 'நூல் சுற்றுகிறார்' என்று எழுதினார். எழுதிவிட்டு மேடத்திடம் போய் நின்றார்.

"மேடம், நாலாம் படுக்கை அம்மா நூலை எவ்வளவு அழகா சுத்துறாங்க தெரியுமா? கை நடுங்கவே மாட்டேங்குது."

மேடம் தலையை நிமிர்த்தவில்லை. "பதட்டமா இருக்கும். பொம்பளைங்க பதட்டமானா முந்தானையைச் சுத்துவாங்க, நூலைச் சுத்துவாங்க. எழுதிட்டீங்கல்ல?"

"எழுதிட்டேன்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்று கடிகாரத்துக்கும் தெரியவில்லை. ஆனால் விஷயம் உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

ஆறாம் வாரம், செவ்வாய்க்கிழமை. சேர்க்கை மேசையில் இருக்கும் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். போன் அடித்தது. கடிகாரம் எடுத்தார்.

"வணக்கங்க. நான் பைப்புக் கடைக்காரன் பேசறேன். எங்க மாஸ்டர் அங்கதான் இருக்காங்கன்னு சொன்னாங்க. எப்படி இருக்காங்க?"

"எந்த மாஸ்டருங்க? டிராயிங் மாஸ்டரா? அவர் போன மாசமே வீட்டுக்குப் போயிட்டாரே."

"இல்லைங்க, மோட்டார் மாஸ்டர். தெருவே அவங்க எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கு."

"அவர் பேரு சொல்லுங்க, பாக்கறேன்."

"பேரா?" அந்தப் பக்கம் யோசனை. "முப்பது வருஷமா மாஸ்டர்னுதான் கூப்பிடறோம். வார்டுல போய்ப் பாத்தாலே தெரியுங்க."

கடிகாரம் ஆண்கள் வார்டுப் பட்டியலை மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பார்த்தார். கண்டக்டர், பேங்க், தபால்காரர், பழக்கடை. மோட்டார் யாரும் இல்லை. "மோட்டார் வேலை செய்றவர் யாரும் இங்க இல்லைங்க. வேற இடத்துல விசாரிச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

'இருக்காங்க' என்றுதான் அந்த மனிதர் கடைசிவரை சொன்னார். ஒரு தடவைகூட 'இருக்காரு' என்று சொல்லவில்லை. ஆயா-அட்டெண்டர் கதையை ஆயிரம் தடவை சொன்ன கடிகாரத்தின் காதில் அது விழவே இல்லை. மாஸ்டர் என்ற வார்த்தை கேட்டவுடன் மீசை வைத்த ஓர் ஆள் மனதுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எந்த விகுதி வந்தால் என்ன.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் ஒரு கரண்டியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். கணவர் ஒரு கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளர். சோதனைக்குழாய்களைக் கழுவிக் கழுவி வீட்டுப் பாத்திரமும் அவர் கைக்கே போய்விட்டது. அவர் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"இடைவெளி விடாம சுத்தப் பாக்கறேன்."

"எதுக்கு?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

நாற்பது சுற்றுக்குள் ஏழு இடத்தில் நூல் ஏறிக்கொண்டது. அவிழ்த்து மறுபடி சுற்றினார். ஐந்து இடம். கணவர் கையைத் துடைத்துவிட்டு வந்து தானும் சுற்றிப் பார்த்தார். பதினொரு இடம்.

"மையத்துல யாரோ உனக்கு நல்ல வேலை கொடுத்திருக்காங்க" என்றார்.

"கை விழுந்துபோன ஒருத்தங்க பண்றாங்கங்க இதை. நல்ல கையை வெச்சுக்கிட்டு நம்மால முடியலை."

"அப்ப அவங்க நெறைய தடவை பண்ணியிருக்கணும்."

"எங்க பண்ணியிருப்பாங்க? பூக்கட்டுறவங்களா இருக்குமோ?"

"பூக்கட்டுறவங்க முடிச்சு போடுவாங்க, சுத்த மாட்டாங்க. எம்ப்ராய்டரி?"

"அதுக்கு ஊசி வேணும்."

பாய் பின்னுவது, நாற்காலிக்கு ஒயர் போடுவது, ஊறுகாய் ஜாடி வாய்க்குத் துணி கட்டுவது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எல்லாம் பெண்கள் செய்கிற வேலைப் பட்டியலுக்குள்ளேயே சுற்றி வந்தது. அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு கால்கூட வைக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பைப்புக் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். குட்டையான மனிதர், நரைத்த கிருதா, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். எழுத்தரிடம் 'மோட்டார் மாஸ்டர்' என்று சொல்லி, எழுத்தரும் இல்லையென்று சொல்ல, வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அடுக்களைக் கதவைத் திறந்து கடிகாரம் வெளியே தலையை நீட்டினார். அந்த மனிதர் அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"இதோ இருக்காங்களே. இல்லை இல்லைன்னு சாதிக்கறீங்க."

நாலாம் படுக்கை அம்மா கேரட்டை வைத்துவிட்டுத் திரும்பினார். வந்த நாளிலிருந்து கடிகாரம் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததில்லை. இப்போது வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பு வந்தது.

"மாஸ்டர், என்ன இது கூத்து?" கடைக்காரர் உள்ளே வந்துவிட்டார். "உங்க கையில கத்தியை யாரு கொடுத்தா? வெங்காயம் உரிச்சே நான் பாத்ததில்லையே." பிறகு கடிகாரத்திடம், "அவங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்தாங்க சமையல். ஹாஸ்டல் சமையல்காரர் இல்லையா, வீட்டு அடுப்பையும் விட்டுக்கொடுக்க மாட்டார். இவங்க வாசல் ரூம்ல காயில் கட்டிக்கிட்டு இருப்பாங்க. எந்த மோட்டார் எரிஞ்சு வந்தாலும், செம்புக்கம்பியை உருவிப் போட்டுட்டுப் புதுசா சுத்திக் கொடுத்தாங்கன்னா பத்து வருஷத்துக்குக் கேள்வி கிடையாது."

"என்ன கட்டுவாங்க?" என்றார் கடிகாரம்.

"காயிலுங்க. மோட்டாருக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள்."

கடிகாரம் மேசையில் கிடந்த கேரட்டைப் பார்த்தார். காயில்தான் நம்ம வேலை. அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருக்கிறார். வாயைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஆறு வாரமாக அதற்குப் பதிலாகக் கேரட் கொடுத்திருக்கிறோம்.

"ஏம்மா," என்று கேட்டார், "நான் காயை எடுத்து வெச்சப்ப, அது இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

மாஸ்டர் வார்த்தைகளைத் தேடி எடுத்து வைத்தார். "நீங்க... சந்தோஷமா... கொடுத்தீங்க. இங்க எல்லாருக்கும்... கேரட்தான் போலன்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "சொன்னா... சிரிப்பாங்க. அதான் யார்கிட்டயும்... சொல்றதில்ல."

கடிகாரம் எழுத்தரிடம் போனார். "இவங்களுக்கு இல்லத்தரசின்னு போட்டிருக்கீங்களே, கேட்டுத்தான் போட்டீங்களா?"

"கேட்டேனே" என்றார் எழுத்தர். "வீட்லதானே இருக்கீங்கம்மான்னு கேட்டேன். ஆமான்னாங்க. பையன் பக்கத்துலதான் நின்னாரு."

"பட்டறை வீட்டு வாசல் ரூம்லதான் இருக்கு. பின்ன ஆமான்னுதான் சொல்லுவாங்க. ஆம்பளைங்க வந்தா எப்படிக் கேப்பீங்க?"

"சார் என்ன பண்றீங்கன்னு..." எழுத்தர் நிறுத்தினார். பேனாவை மூடித் திறந்தார். "சார் என்ன பண்றீங்கன்னுதான் கேப்பேன்."

அவரைத் திட்ட கடிகாரத்துக்கு மனம் வரவில்லை. கேரட் கொடுத்தவர் எழுத்தரைத் திட்டுவதாவது.

கூட்டம் மறுநாள். மேடத்திடம் கேட்டு, மத்தியானமே பணிமேசையில் ஒரு சோதனை வைத்தார்கள். கடைக்காரர் வண்டியில் போய் ஒரு உருளைச் செம்புக்கம்பியும், சுற்றுவதற்கான மர அச்சும் கொண்டுவந்தார். மாஸ்டர் அச்சை இடது கையால் பிடித்தார். வலது கை கம்பியை ஏற்றியது. கடிகாரம் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். முதல் நாற்பது சுற்று பிசிறில்லாமல் போயிற்று. நாற்பத்தொன்றில் கை தளர்ந்து தொங்கிவிட்டது. இரண்டு நிமிடம் மடியில் போட்டுக்கொண்டார். மறுபடி எடுத்தார். நூறு சுற்று, ஒன்பது நிமிடம், ஓர் இடத்தில்கூட ஏறவில்லை. ஆனால் ஸ்பேனரைத் திருக முடியவில்லை. போல்ட் டப்பாவைத் தூக்கச் சொன்னபோது கீழே போட்டார். சுவிட்சுப் பலகையில் எது தவறாக இணைத்திருக்கிறது என்று தொடாமலே விரலைக் காட்டினார். மதிப்பெண் ஐம்பத்தெட்டு.

கடிகாரம் தன் பழைய படிவத்தை எடுத்து, 'நோக்கமற்ற செயல்கள்' கட்டத்தில் இருந்ததை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் மேடத்தின் அறையில். மேடம், மகன், மாஸ்டர், கடிகாரம். மகன் நாற்பது வயதுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை, ராத்திரிப் பயணம் செய்த கண்கள்.

மேடம் இரண்டு படிவங்களையும் படித்தார். "மேசையில பாஸ். சரி. ஆனா அடுக்களையில முப்பத்து நாலு. மோட்டார் சுத்தறது வேற, சோறு தின்னுறது வேற. டீகூடப் போட முடியாதவங்களைத் தனியா எப்படி அனுப்பறது?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

மாஸ்டர் சொன்னார், "நான் டீ... குடிக்கறதில்ல."

ஆறு வாரமாக, நாளுக்கு இரண்டு தடவை, அவர் போட்ட டீயை யார் குடித்தார்கள் என்று கடிகாரம் யோசித்தார். கடிகாரமேதான் குடித்திருக்கிறார்.

"சாப்பாடும்மா?" என்றார் மேடம்.

"கேரியர். அவர் போனதுலேருந்து... எதிர்ச் சாப்பாட்டுக் கடை. மூணு வேளையும்."

"ஆறு வருஷமா கடைச் சாப்பாடா?" மேடம் மகனைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அம்மா மோட்டார் வேலை செய்றதும் தெரியும். சேர்க்கும்போது ஏன் சொல்லலை?"

மகன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பழக்கம் மேடம். ஸ்கூல்லயே, உங்கம்மா கம்பி சுத்தறாங்க, உங்கப்பா கரண்டி சுத்தறாரான்னு கேப்பாங்க. அப்புறம் யாராவது கேட்டா அம்மா வீட்டுலதான்னு சொல்லிடுவேன். பொய்யும் இல்லையே. என் மாமனார் வீட்டுக்குக்கூட இன்னிவரைக்கும் தெரியாது." அம்மாவின் பக்கம் அவர் திரும்பவில்லை. "ஆனா நான் பயப்படறது அதுக்கில்ல. சாப்பாட்டுக் கடைக்காரன் ஒரு நாள் லீவு விட்டா அம்மா என்ன பண்ணுவாங்க?"

கடிகாரத்துக்கு அப்போதுதான் அது தோன்றியது. "மேடம், போன மாசம் டிராயிங் மாஸ்டரை அனுப்பினோமே. அவரும் தனி ஆளுதான். அவர் டீ போட எவ்வளவு நேரம் ஆச்சு?"

மேடம் அலமாரியிலிருந்து அவருடைய ஃபைலை எடுத்தார். புரட்டினார். "மேசை எழுபத்தொண்ணு. அடுக்களை..." பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "கோடு போட்டிருக்கீங்க."

"ஆமா. அவரை அடுப்புப் பக்கமே விடலை. கேக்கவும் இல்லை."

"மனைவி இல்லையில்ல அவருக்கு?"

"மூணு வருஷமா இல்லை."

"அப்ப அவர் என்ன சாப்பிடறார்?"

யாருக்கும் தெரியவில்லை. மேடம் முகத்தில் முதல் தடவையாக, கையெழுத்தை மறந்து, நிஜமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆவல் வந்தது. அங்கேயே போனைப் போட்டார். ஸ்பீக்கரில் டிராயிங் மாஸ்டரின் குரல் உற்சாகமாக வந்தது.

"சார், வேற ஒண்ணுமில்லை. சாப்பாடெல்லாம் எப்படிப் போகுது?"

"ஒரு குறையும் இல்லை மேடம். காலையில பிஸ்கட்."

"மத்தியானம்?"

"பன்னு."

"ராத்திரி?"

"காலையில மிஞ்சின பிஸ்கட்."

மேடம் போனை வைத்துவிட்டுத் திங்கட்கிழமைக்கு அவர் பெயரை எழுதிக்கொண்டார். அடுக்களை என்று அடிக்கோடு போட்டார். பிறகு மகனைப் பார்த்தார், குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. "நான் சும்மா கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு டீ போடத் தெரியுமா?"

மகன் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியாது மேடம். அப்பா போடுவார். இப்ப வீட்ல என் மனைவி போடுவா. அவ இல்லைன்னா வெளியில குடிச்சுக்குவேன்."

"எனக்கும் அதே கதைதான். என் வீட்ல சமையலுக்கு ஆள் இருக்காங்க" என்றார் மேடம். "நம்ம ரெண்டு பேரையும் யாரும் பிடிச்சு இல்லத்துல போடலை."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் தொண்டைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

மேடம் உடனே கையெழுத்துப் போடவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எரிவாயுவைத் திறந்துவிட்ட கை அது, மறக்கக் கூடாது என்றார். கடிகாரம் திங்கட்கிழமை மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். வீடு சரியாக இருந்தால் போகலாம், இல்லையென்றால் முதியோர் இல்லம்தான். மகன் இரண்டு நாள் லீவு சேர்த்து எடுத்தார்.

வீடு ஒரு குறுகலான தெருவில் இருந்தது. எதிரே சாப்பாட்டுக் கடை, பக்கத்தில் பைப்புக் கடை. வாசல் அறையில் பதினோரு மோட்டார்கள், கழுத்தில் சொந்தக்காரர் பெயர்ச் சீட்டோடு, வரிசையாக நின்றன. கடிகாரம் டேப்பை எடுத்துப் படியின் உயரத்தை அளந்தார். குளியலறைத் தரையைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தார், வழுக்கியது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி என்று நடந்து எண்ணினார். கடைசியாக அடுக்களைக்குள் போனார். அடுப்பு இருந்த மேடையில் செம்புக்கம்பி உருளைகள் அடுக்கியிருந்தன, கனம் வாரியாக. எரிவாயு உருளையே இல்லை. கணவர் இறந்த மாதமே மாஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக, கூடவே வந்த பைப்புக் கடைக்காரர் சொன்னார்.

படிவத்தில் 'அடுக்களை அபாயங்கள்' என்று ஒரு கேள்வி. கடிகாரம் அறையை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.

வெளியே மாஸ்டர் தன் ஸ்டூலில் உட்கார்ந்து, நல்ல கையால் ஒரு மோட்டாரின் தண்டைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் நிலைப்படியில் நின்றார், உள்ளே வருவதா வேண்டாமா என்கிற மாதிரி.

"நீங்க இங்கயே இருக்கலாம்" என்றார் கடிகாரம். "ஆனா மூணு விஷயம். படியில ஒரு கைப்பிடி, குளியலறையில ஒண்ணு. மோட்டாரை நீங்க தூக்கக் கூடாது, கொண்டு வர்றவங்க மேசைமேல வெச்சுட்டுப் போகணும். கேரியர்காரர் மூணு வேளையும் உள்ளே வந்து முகத்தைப் பாத்துட்டுப் போகணும், லீவு விட்டா முதல் நாளே சொல்லணும். நான் எதிர்க் கடையில பேசிட்டுத்தான் வர்றேன்."

மாஸ்டர் தண்டை நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கித் தலையாட்டினார்.

"கைப்பிடிக்கு ஆள் பாக்கறேன்" என்றார் மகன்.

"எதுக்கு ஆளு?" மாஸ்டர் சுவரில் தொங்கிய துளைபோடும் இயந்திரத்தை முகத்தால் காட்டினார். "நான் சொல்றேன்... நீ போடு."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு... யாரு சொன்னா? கேட்டியா... என்கிட்ட?"

மகன் உள்ளே வந்து அந்த இயந்திரத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். எதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார். கடிகாரம் பென்சிலை எடுத்து, தரையிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில் சுவரில் இரண்டு புள்ளி வைத்துக் கொடுத்தார்.